கல்பாக்கம் அணு உலைக்கும் ஆஸ்பத்திரி ஆக்ஸிஜனுக்கும் ஒரே மூலம்.. காற்றைப் பிரிக்கும் ஆலை எந்நேரம் ஓடணும்? கரன்ட் பில் போடும் கணக்கு!

கல்பாக்கத்தில் 1985 முதல் இயங்கும் சோதனை ஈனுலையில் வெப்பத்தைக் கடத்துவது உருகிய சோடியம். காற்று பட்டாலே தீப்பிடிக்கும் என்பதால் அதன்மேல் ஆர்கான் வாயுவைப் போர்வை மாதிரி நிரப்பி வைக்கிறார்கள். ஆர்கான் எங்கிருந்து வருது? நாம சுவாசிக்கிற இதே காற்றிலிருந்துதான். ஆஸ்பத்திரிக்குப் போகும் திரவ ஆக்ஸிஜனும் இதே வகை ஆலைகளில்தான் தயாராகுது.

எப்படிப் பிரிக்கிறாங்க?

காற்றில் நைட்ரஜன் 78%, ஆக்ஸிஜன் 21%, ஆர்கான் 1 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. காற்றை அழுத்தி, சுத்தம் செய்து, திரவமாகும் வரை குளிர வைப்பார்கள். நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும். ஆர்கான் மைனஸ் 186, ஆக்ஸிஜன் மைனஸ் 183. இந்த வித்தியாசத்தை வைத்தே உயரமான கோபுரங்களில் தனித்தனியாகப் பிரிக்கிறார்கள்.

கரன்ட் எங்கே போகுது?

மூலப்பொருளான காற்று இலவசம். பெரிய செலவு மின்சாரம்தான், அதில் பெரும்பங்கு கம்ப்ரசருக்கு. ஒரு டன் ஆக்ஸிஜனை வாயுவாக எடுக்க பெரிய ஆலையில் சுமார் 200 முதல் 300 யூனிட் ஆகும். திரவமாக வேண்டும் என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

டேங்க்தான் 'பேட்டரி'

தமிழ்நாட்டில் உயரழுத்த மின்சாரம் வாங்கும் தொழிற்சாலைகளுக்கு காலை, மாலை உச்ச நேரங்களில் கட்டணம் 25% கூடுதல். இரவு 10 முதல் காலை 5 மணி வரை 5% தள்ளுபடி. சூரிய மின்சாரம் கிடைக்கும் பகல் நேரக் கட்டணம் குறைந்தது 20% குறைவாக இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023-ல் விதியைத் திருத்தியது.

அதனால கரன்ட் மலிவான நேரத்தில் கூடுதலாகத் திரவம் தயாரித்து டேங்கில் நிரப்புவார்கள். விலை ஏறும் நேரத்தில் கம்ப்ரசர் வேகத்தைக் குறைத்து, சேமித்த திரவத்தை ஆவியாக்கிக் கொடுப்பார்கள்.

சுவிட்ச் போட்டு நிறுத்த முடியாதா?

முடியாது. உள்ளே சூடேறிவிட்டால் மறுபடி குளிர வைக்க ஒரு நாளுக்கு மேல்கூட ஆகலாம். வேகத்தை ரொம்பக் குறைத்தாலும் சிக்கல். ஆர்கானுக்கும் ஆக்ஸிஜனுக்கும் 3 டிகிரிதான் வித்தியாசம் என்பதால், ஆலை தடுமாறினால் முதலில் அடிபடுவது ஆர்கானின் சுத்தம்.

2021 சொன்ன பாடம்

கொரோனா இரண்டாம் அலையில், ஸ்ரீபெரும்புதூர் ஆலையிலிருந்து 80 டன் ஆக்ஸிஜன் ஆந்திரா, தெலங்கானாவுக்குத் திருப்பி விடப்பட்டதை ரத்து செய்யும்படி ஏப்ரலில் தமிழக அரசு மத்திய அரசிடம் கேட்டது. மே மாதத் தொடக்கத்தில் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஒரே இரவில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆக்ஸிஜன் தட்டுப்பாடே காரணம் என உறவினர்கள் குற்றம்சாட்ட, அதிகாரிகள் மறுத்தனர்.

தேவை திடீர்னு எகிறினால் புது ஆலையை உடனே கட்ட முடியாது. கைகொடுப்பது டேங்கில் இருக்கும் திரவமும் டேங்கர் லாரிகளும்தான். எனவே கரன்ட் காசை மிச்சம் பிடிக்க டேங்கை எவ்வளவு காலி செய்யலாம் என்ற கணக்கில், ஆஸ்பத்திரிக்கான இருப்பு தொடக்கூடாத பங்காக இருக்க வேண்டும்.