ஜோகூர் நீர்க்கரைப் பாதுகாப்பு மானியங்கள்

ஜோகூர் நீர்க்கரைப் பாதுகாப்பு மானியங்கள் என்பவை, மலேசியத் தீபகற்பத்தின் தென்கோடி மாநிலமான ஜோகூரில் ஏரி, நீர்த்தேக்கம், கழிமுகம், அலையாத்திக் காடு ஆகியவற்றின் கரைகளுக்காகச் செலவிடப்படும், திருப்பிச் செலுத்த வேண்டாத நிதி உதவிகள். கரையைக் காப்பது, மக்கள் அங்கே வந்துபோக வழி செய்வது, வெள்ளத்தையும் மண்ணரிப்பையும் கரையோர ஊர்கள் தாங்க உதவுவது என மூன்று நோக்கங்கள் இவற்றில் கலந்திருக்கின்றன. இந்தப் பெயரில் தனித் திட்டம் எதுவும் கிடையாது. கூட்டரசிடமிருந்தும் பன்னாட்டு அமைப்புகளிடமிருந்தும் வெவ்வேறு வழிகளில் வரும் பணத்தையே இக்கட்டுரை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிறது.

மானியம் ஏன் தேவைப்படுகிறது என்பதற்கான விடை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. மலேசிய அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி நிலமும் காடும் மாநிலத்துக்கு உரியவை. வருமான வரி போன்ற பெரிய வரிகளோ கூட்டரசுக்குச் செல்கின்றன. காட்டை வெட்டக் கொடுத்தாலும் கரையோர நிலத்தை மேம்பாட்டுக்கு மாற்றிக் கொடுத்தாலும் மாநிலக் கருவூலத்துக்கு வருமானம் வரும். அப்படியே விட்டுவைத்தால் வராது. இந்தக் கணக்கைச் சற்றேனும் மாற்றத்தான், பல்லுயிர்ப் பாதுகாப்புக்கான சூழலியல் நிதிப் பகிர்வு என்ற ஏற்பாட்டை 2019இல் கூட்டரசு தொடங்கியது. அப்போது நீர், நிலம், இயற்கை வள அமைச்சராக இருந்தவர் சேவியர் ஜெயக்குமார். முதல் ஆண்டில் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 6 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. இத்தொகை 2023இல் 15 கோடியாகவும் 2024இல் 20 கோடியாகவும் 2025இல் 25 கோடியாகவும் உயர்ந்தது. வளர்ச்சி வேகமானதுதான். ஆனாலும் ஒரே ஒரு கடலோர மனைத் திட்டம் புரட்டும் பணத்தோடு ஒப்பிட்டால், நாடு முழுவதற்குமான இத்தொகை சிறியது.

ஜோகூரின் பெயர்பெற்ற ஈரநிலங்கள் மூன்றும் கடலோரத்தில் இருக்கின்றன. சுங்கை பூலாய் (9,126 ஹெக்டேர்), பூலாவ் குக்குப் (647 ஹெக்டேர்), ஆசியப் பெருநிலத்தின் தென்முனையான தஞ்சோங் பியாய் (526 ஹெக்டேர்) ஆகியவை 2003 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் பன்னாட்டு ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. பட்டியலில் இடம்பெறுவதால் பணம் தானாக வந்துவிடாது. வளரும் நாடுகளுக்காக 1990இல் ராம்சார் உடன்படிக்கை ஏற்படுத்திய சிறு மானிய நிதிகூட ஒரு திட்டத்துக்கு அதிகபட்சம் 40,000 சுவிஸ் பிராங்கு அளவில்தான் கொடுத்துவந்தது. சட்டப் பாதுகாப்பும் எப்போதும் நிலையானதாக இருக்கவில்லை. பூலாவ் குக்குப்பின் மாநிலப் பூங்காத் தகுதியை நீக்க 2018இல் ஜோகூர் அரசு முனைந்தபோது கூட்டரசு எதிர்ப்புத் தெரிவித்தது. தீவைச் சுல்தானக நிலமாக்குவது பாதுகாப்பைக் கூட்டவே என்று ஜோகூர்த் தரப்பு விளக்கம் தந்தது. சுங்கை பூலாய்க் கழிமுகத்திலோ தஞ்சோங் பெலேபாஸ் துறைமுகம் முன்பே எழுந்துவிட்டது. 2014இல் பாரஸ்ட் சிட்டி என்ற புதுநகரத்துக்காகக் கடலைத் தூர்க்கும் பணி தொடங்கி, மெராம்போங் கடற்புல் திட்டையின் பக்கம் வரை மணல் வந்தது.

ஊர்மக்கள் தாங்களே கையாளும் பணமும் சிறியதே. உலகச் சுற்றுச்சூழல் வசதி என்ற பன்னாட்டு நிதியம் 1992இல் தொடங்கிய சிறு மானியத் திட்டம் மலேசியாவில் 2001 முதல் செயல்படுகிறது. கிராம அமைப்புகளுக்கும் பூர்வகுடிகளுக்கும் பொதுவாக 50,000 அமெரிக்க டாலருக்கு உட்பட்ட தொகையை அது வழங்கிவந்துள்ளது. மானியம் பெறுவோர் தம் பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ தரலாம். தமிழ்நாட்டில் நீர்நிலைகளை ஊராரே சேர்ந்து செப்பனிடும் குடிமராமத்து 2017இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தபோது பாசனதாரர்களிடம் கேட்கப்பட்ட 10 விழுக்காட்டுப் பங்கும் இதே வகையைச் சேர்ந்தது. அத்தகைய உழைப்புக்கு ஜோகூரில் ஆள் இல்லாமல் இல்லை. தஞ்சோங் குப்பாங் வட்டாரத்தில் 2008இல் உருவான கெலாப் அலாமி என்ற அமைப்பு, மீனவக் குடும்பத்து இளைஞர்களுக்குக் கடற்புல் கணக்கெடுப்பிலும் பயணிகளை அழைத்துச் செல்வதிலும் பயிற்சி அளித்தது. துறைமுகத்துக்கும் புதுநகரத்துக்கும் நடுவே சிக்கிய ஊரில், கடலை அறிந்தவர்களுக்கே அதைக் காட்டிக் கூலி பெறும் வழி பிறந்தது. கட்டடம் கட்டிக் கல்வெட்டுப் பதிக்கும் மானியத்தைவிட இவ்வகைச் செலவு நெடுநாள் பயன் தருவது.

உள்நாட்டு ஏரிக்கரைகளின் நிலை வேறு. ஜோகூரில் ஏரி என்று அழைக்கப்படுபவற்றில் பெரும்பாலானவை அணை கட்டித் தேக்கியவை. குளுவாங் அருகிலுள்ள செம்ப்ரோங் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மேற்கு ஜோகூர் வேளாண்மை மேம்பாட்டுத் திட்டத்தின் பகுதியாக 1984இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த ஆழமற்ற நீர்த்தேக்கத்தைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்களும் சிறு பண்ணைகளும் நெருங்கி நிற்கின்றன. மழையோடு வழியும் உரச்சத்து நீரில் சேர்ந்து, பாசியும் நீர்க்களைகளும் பெருகுகின்றன; அதே நீர்தான் சுத்திகரிக்கப்பட்டுக் குடிநீராகிறது. தேசிய நீரியல் ஆய்வுக் கழகமான நஹ்ரிம் 2005இல் மலேசியாவின் 90 ஏரிகளை மதிப்பிட்டபோது, 56 ஏரிகள் ஊட்டச்சத்து மிகுந்து சீர்கெட்டிருந்தன. செம்ப்ரோங்கின் நோய் அதற்கு மட்டும் உரியதன்று. காட்டையும் பாதுகாக்கப்பட்ட பரப்பையும் வைத்து நிதியைப் பகிரும் கூட்டரசின் முறையில் இத்தகைய நீர்த்தேக்கத்துக்குப் பெரிய இடம் இருக்க முடியாது: சுற்றிலும் காடு இல்லை, பூங்கா என்ற தகுதியும் இல்லை. உரம் நீரில் இறங்காமல் தடுக்கக்கூடிய மரவரிசைக் கரையை உருவாக்குவதற்குத்தான் இங்கே பணம் வேண்டும்.

அப்படியொரு கரையை உருவாக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 62ஆம் பிரிவின்கீழ் பொதுநோக்கத்துக்கு நிலத்தை ஒதுக்கி மாநில அரசு அரசிதழில் அறிவிக்கலாம். நீர்ப்பாசன, வடிகால் துறையின் வழிகாட்டுதல் 40 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆற்றுக்கு இரு கரையிலும் 50 மீட்டர் விடச் சொல்கிறது. அறிவிக்கப்பட்ட ஒதுக்கீடு இருந்தால் மரம் நடவும், நடைபாதை போடவும், தூண்டில்காரர்கள் உட்காரவும் உரிமையுள்ள இடம் கிடைக்கும். அது இல்லாத இடத்தில் மானியத்தில் போட்ட நடைபாதை தோட்ட வேலியில் முட்டி நின்றுவிடும்.

ஊர்களின் தாங்குதிறனைப் பொறுத்தவரை, 2023 மார்ச் வெள்ளம் அண்மைச் சான்று. ஜோகூரில் 40,000க்கும் மேற்பட்டோர் தற்காலிக நிவாரண மையங்களில் தங்க நேர்ந்தது. பெக்கோக் அணையின் நீர்மட்டம் அபாய அளவைத் தாண்ட, யோங் பெங், பத்து பகாட் பகுதிகளில் வெள்ளம் வடிய வாரக்கணக்கானது. செம்ப்ரோங், பெக்கோக் இரண்டுமே வெள்ளத்தைத் தடுக்கவும் குடிநீர் தரவும் சேர்த்துக் கட்டப்பட்டவை. வெள்ளத்துக்கு இடம் வேண்டுமானால் மழைக்காலத்துக்கு முன் மட்டத்தைக் குறைத்து வைக்க வேண்டும். குடிநீருக்கோ நிறைத்து வைக்க வேண்டும். எந்த மாதத்தில் எவ்வளவு நீரைத் திறப்பது என்பதை அணை நிர்வாகமும் குடிநீர் வாரியமும் கரையோர ஊர்களும் சேர்ந்து முடிவுசெய்யும் ஏற்பாட்டுக்கு ஆகும் செலவு அதிகமில்லை. ஆனால் திறப்பு விழா நடத்த அதில் ஒன்றும் இல்லாததால், மானிய விண்ணப்பங்களில் அது எளிதில் இடம்பிடிப்பதில்லை.