வேலூர்க் கோட்டையும் பெண்டிங்குப் பிரபுவும்

நம் பாலாற்றங்கரை ஊர்களிற் பிறந்தார் எவரும் வேலூர்க் கோட்டையை அறியாதிருத்தல் அரிது. 1806ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள் அங்கு நிகழ்ந்த சிப்பாய்ப் புரட்சியையும் நம்மவர் பலர் அறிவர். ஆயின், அப்புரட்சியாற் பதவியிழந்த சென்னைக் கவர்னர் ஒருவர் உண்டென்பதையும், அவரே இருபதாண்டு கழித்துக் கவர்னர் ஜெனரலாய் மீண்டு வந்தனர் என்பதையும் அறிந்தார் சிலரே. அவர் வில்லியம் பெண்டிங்குப் பிரபு. அவர்தம் அரசியல் வாழ்வில், நாடாள்வார்க்கே அன்றிச் சங்கம் நடத்துவார்க்கும் ஒரு பாடம் உளதென்பது எம் கருத்தாகலின், அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பெண்டிங்கு 1774ஆம் ஆண்டிற் பிறந்தவர். இங்கிலாந்தில் இருமுறை முதலமைச்சராய் இருந்த போர்ட்லண்டுக் கோமகனின் இரண்டாம் மைந்தர். 1803ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களிற் சென்னைக் கவர்னராய் அமர்ந்த காலை, அவர்க்கு 29 வயதும் நிரம்பவில்லை. ஆர்க்காட்டு நவாபின் நாடு முழுதும் கும்பினியார் கைக்கு வந்து அப்பொழுது இரண்டாண்டே ஆகியிருந்தது. நிலவரியை ஜமீன்தார் வாயிலாகத் தண்டுவதா, உழுவோரிடம் நேரே தண்டுவதா என்னும் வழக்கு எழுந்தபோது, பெண்டிங்கு தாமஸ் மன்றோவின் சொற்குச் செவிகொடுத்தார். 1806ஆம் ஆண்டில் வில்லியம் தாக்கரே என்பாரை ஊர்தோறும் சென்று ஆராய்ந்துவர ஏவினார். ஆதலின், கேட்டறிந்து செய்யும் இயல்பு அவர்பால் இல்லாமலில்லை.

அதே ஆண்டிற் படையின் திறத்தில் அவ்வியல்பு எங்கோ மறைந்துவிட்டது. சேனாதிபதி சர் ஜான் கிரடாக், சிப்பாய்கள் யாவரும் ஒரே தோற்றத்தினராய் நிற்றல் வேண்டுமென விரும்பினார். நெற்றிக்குறி இடலாகாது, காதணி அணியலாகாது, தாடி மழித்தல் வேண்டும், மீசையை ஒரே அளவினதாகக் கத்தரித்தல் வேண்டும் என ஆணை பிறந்தது. வெள்ளைக்காரர் தொப்பியை ஒத்த புதுத் தலைப்பாகை ஒன்றும் வந்தது. அதன்கண் தோலாற் செய்த அணி ஒன்று பதிக்கப்பட்டிருந்தது. அத்தோல் பசுவினதோ பன்றியினதோ என்னும் ஐயம் இந்துக்களையும் முஸ்லிம்களையும் ஒருங்கே வருத்திற்று.

தோல் பதனிடுதலும் பாதரட்சை செய்தலும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய நம் ஊர்கட்குச் சோறளிக்கும் தொழில்கள். ஆதலின், தோற்றுண்டு ஒன்றன் பொருட்டோ இத்துணைக் கலகம் என வியப்பாரும் நம்முள் இருத்தல் கூடும். தோல் இழிந்த பொருளன்று. அணிவோனை ஒரு சொல்லும் கேளாது அவன் தலைமேல் அதனை ஏற்றியதே இழிவாயிற்று.

1806ஆம் ஆண்டு மே மாதத்தில் வேலூர்ச் சிப்பாய்கள் அத்தலைப்பாகையை அணிய மறுத்தனர். 21 பேர் சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 19 பேர் மன்னிப்பு வேண்டித் தப்பினர். எஞ்சிய இருவர் கசையடி பெற்று வேலையினின்றும் நீக்கப்பட்டனர். அவ்விருவருள் ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். அப்படையில் நம் குலத்தார் எத்துணையர் என எம்மை வினவுவார் உளர். கசைக்குக் குலம் தெரியவில்லை என்பதே யாம் அவர்க்குக் கூறும் விடை.

பின்னர்ச் சேனாதிபதியே ஐயுற்றுக் கவர்னரின் கருத்தை வினவினார். ஆணையை மீளப் பெறுதல் அரசின் தளர்ச்சியாகத் தோன்றும் எனக் கருதிப் பெண்டிங்கும் அவர் ஆலோசனைச் சபையாரும் அதற்கு இசையவில்லை. சில நாட்களிற் கோட்டை பற்றியெரிந்தது. ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தனர். வெள்ளையர் நூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். அக்கோட்டையிற் காவலில் இருந்த திப்பு சுல்தானின் மைந்தரை முன்னிட்டு மைசூர்க் கொடியும் ஏற்றப்பட்டது. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்து கோட்டையை மீட்டார். சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் வீழ்ந்தனர். பின்பு விசாரணை நடத்தி 6 பேரைப் பீரங்கி வாயிற் கட்டிச் சுட்டனர்; 8 பேரைத் தூக்கிலிட்டனர். திரும்பப் பெறலாகாது என்ற ஆணை அம்மாதமே திரும்பப் பெறப்பட்டது. முன்னரே பெற்றிருப்பின் எத்துணை உயிர்கள் எஞ்சியிருக்கும்!

1807ஆம் ஆண்டிற் கும்பினியின் டைரக்டர்கள் கவர்னரையும் சேனாதிபதியையும் ஒருங்கே திருப்பி அழைத்தனர். கடுமை காட்டுமுன் சிப்பாய்களின் உள்ளத்தை ஆராய்ந்திருத்தல் வேண்டும் என்பதே அவர்கள் கண்ட குற்றம். அவ்வாண்டில் முதலமைச்சராய் இருந்தவர் பெண்டிங்கின் தந்தையே. அப்பதவியும் மைந்தனைக் காக்கவில்லை.

1828ஆம் ஆண்டிற் பெண்டிங்கு கவர்னர் ஜெனரலாய்க் கல்கத்தாவுக்கு வந்தார். கணவனை இழந்த பெண்ணை அவன் சிதையில் உடனெரிக்கும் வழக்கத்தை ஒழிக்கத் துணிந்த அவர், அதனாற் சிப்பாய்கள் மனங்கலங்குவரோ எனப் படைத்தலைவர் 49 பேரைத் தனித்தனியே வினவினார். 24 பேர் உடனே ஒழிக்கலாம் என்றனர். ஐவரே அதனைத் தொடுதலே கூடாது என்றனர். அதன் பின்னரே 1829ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் சட்டம் செய்தார். 1835ஆம் ஆண்டில், நாடு நீங்குமுன், இந்தியச் சிப்பாய்களைக் கசையால் அடித்தலையும் ஒழித்தார். பின்வந்தார் 1845ஆம் ஆண்டில் அதனை மீண்டும் கொணர்ந்தனர் எனினும், ஒழித்தவர் பெருமை குன்றாது. அவ்விரு செயல்களின் போதும் வேலூர் அவர் நினைவில் இருந்திருத்தல் வேண்டும் என்றே யாம் கருதுகின்றோம்.

பழைய வழக்கங்களைத் தொடலாகாது என்பதே வேலூர் கற்பிக்கும் பாடம் என்பார் சிலர். அஃது எமக்கு உடன்பாடன்று. நெற்றிக்குறியை அழிக்கப் புகுந்து வீழ்ந்தவரே சிதைத்தீயை அவித்து நிலைபெற்றார். முன்னது அணிவகுப்பின் அழகிற்காக, எவரையும் கேளாது செய்தது. பின்னது உயிரின் பொருட்டு, பலரையும் கேட்டுச் செய்தது. திருவள்ளுவர் 'தெரிந்து செயல்வகை' என ஓர் அதிகாரமே வகுத்ததன் பயனை ஒருவர் வாழ்விலேயே இருபுறமும் காண்கின்றோம்.

நம் சங்கமும் கலியாணச் செலவைக் குறைத்தல், வரதட்சிணையை ஒழித்தல், பெண்மக்களைப் படிப்பித்தல் முதலிய தீர்மானங்களைச் செய்கின்றது. அவை செய்யத்தக்கனவே; அஞ்சிப் பின்வாங்குதல் வேண்டா. ஆயின், மேடையிற் கைதூக்குமுன், தோற்கிடங்கிலும் செருப்பாலையிலும் உழைத்து இரவில் வீடு திரும்பும் நம் ஏழைக் குடும்பத்தாரை ஒருமுறை சென்று கேட்பதில் நமக்கு இழுக்கொன்றும் இல்லை. 1806ஆம் ஆண்டிற் கவர்னர் மாளிகையிலிருந்து வேலூர்க்கு ஒருவர் வந்து கேட்டிருப்பின் போதுமானதாயிருந்தது.