‘இந்தக் கதை ஓடாது’: வசூல் கணிப்புக்கும் சாதி உண்டு

ஒவ்வொரு வெள்ளிக்கிழமைக்கு முன்பும் நம் ஊரில் ஒரு சோதிடம் நடக்கிறது. எந்தப் படம் முதல் நாள் எத்தனை கோடி அள்ளும், எந்தப் படம் திங்கட்கிழமையே தூக்கப்படும், அடுத்த வருடம் எந்த வகைப் படத்துக்குக் காலம் என்று யூடியூபில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். பேய்ப் படம் முடிந்தது, இனி ஆக்‌ஷன்தான் என்பார்கள். சாதிப் படம் மக்களுக்குச் சலித்துவிட்டது என்பார்கள்.

இந்தக் கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் நிற்போம். ‘சாதிப் படம்’ என்று எதைச் சொல்கிறார்கள்? ‘பரியேறும் பெருமாள்’ சாதிப் படம். ‘கர்ணன்’ சாதிப் படம். தலைப்பிலேயே சாதிப் பெயரைச் சுமந்த ‘சின்னக் கவுண்டர்’ மட்டும் குடும்பப் படம், கிராமத்துப் படம். பெயர் சூட்டுவதிலேயே கணிப்பு தொடங்கிவிடுகிறது. இந்தக் கணிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. படம் எடுக்கவும் எழுதவும் நினைக்கும் தோழர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கணிப்பவர் யார்?

படத்தின் தலைவிதியை முதலில் கணிப்பது ரசிகர் அல்ல, பணம் போடுகிறவர். தமிழ்நாட்டை வினியோகஸ்தர்கள் ஏரியாக்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: சென்னை நகரம், செங்கல்பட்டு, கோவை, சேலம், மதுரை-ராமநாதபுரம், திருச்சி-தஞ்சாவூர், திருநெல்வேலி-கன்னியாகுமரி. ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒரு விலை. எம்.ஜி. எனப்படும் மினிமம் கியாரண்டி முறையில் வாங்கினால் நஷ்டம் வாங்கியவர் தலையில். அட்வான்ஸ் முறையில் கொடுத்தால் வசூல் குறையும்போது பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். இதற்கு மேல் ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்ற பாகுபாடு. பெருநகரம், சிற்றூர், கிராமத்துக் கொட்டகை என்று பார்வையாளரைத் தரம் பிரித்த கணக்கு இது.

இந்த வியாபாரத்தில் விலை எப்படி வைப்பார்கள்? இதே நடிகரின் முந்தைய படம் இந்த ஏரியாவில் எவ்வளவு வசூலித்தது, இதே மாதிரிக் கதை எவ்வளவு வசூலித்தது என்று பார்த்துத்தான். அதாவது கையில் இருப்பது கடந்தகாலத்தின் கணக்கு மட்டும். எடுக்கப்படாத படத்துக்கு வசூல் கணக்கு இருக்காது. சேரியிலிருந்து சொல்லப்பட்ட கதை அந்தக் கணக்கில் இல்லையென்றால், அதற்கு விலையும் இல்லை. ‘இந்தக் கதை ஓடாது’ என்ற வாக்கியம் பல பத்தாண்டுகள் சோதிக்கப்படாமலே நின்றது இப்படித்தான்.

இதில் ஒரு முரண் உண்டு. சாதி பார்க்காமல் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் திரையரங்குதான், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, டிக்கெட் காசு என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதினார். தரை டிக்கெட்டில் உட்கார்ந்து படங்களை ஓட வைத்த கூட்டத்தில் நம் தாத்தா பாட்டிகள் பெரும்பங்கு. அவர்களின் காசு கணக்கில் ஏறியது. அவர்களின் கதை ஏறவில்லை.

நந்தனுக்குக் கிடைத்த இரண்டாம் வாய்ப்பு

ஏறவே இல்லையா என்று கேட்கலாம். ஏறியது, ஒரு நிபந்தனையோடு.

1935இல் ‘பக்த நந்தனார்’ வந்தது. நந்தனாக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். அந்த வேடத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அன்றைக்கு அதுவே நாடு முழுக்கப் பேச்சு. சுந்தராம்பாள் நாடக மேடையின் பெரிய நட்சத்திரம், நந்தன் கதை ஊரறிந்த கதை, வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். எந்தக் கணிப்பின்படி பார்த்தாலும் ஓட வேண்டிய படம். ஓடவில்லை.

ஆனால் நந்தன் கதை அதோடு முடிந்துவிடவில்லை. ஏழே ஆண்டுகளில், 1942இல், ஜெமினி எஸ்.எஸ். வாசன் அதே கதையைத் தண்டபாணி தேசிகரை வைத்து மறுபடி எடுத்தார். படம் வெற்றி பெற்றது. இடையில் 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலய நுழைவு நடந்திருந்தது. காலமும் கதைக்குக் கைகொடுத்தது.

ஒரு தோல்விக்குப் பிறகும் முதல் போட ஆள் கிடைத்தது ஏன்? அந்தக் கதையின் வடிவத்தைப் பாருங்கள். பெரியபுராணத்தில் இல்லாத பிராமணப் பண்ணையாரை 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தன் சரித்திரத்தில் கொண்டுவந்தார். நந்தன் அவரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, சிதம்பரம் போய், தீயில் இறங்கி, ‘தூய்மையாகி’ மறைகிறான். நிலம் கேட்கவில்லை, கூலி கேட்கவில்லை. ஒடுக்கப்பட்டவன் பணிந்து, எரிந்து, மறைந்தால் அந்தக் கதைக்குச் சந்தை உண்டு என்பதுதான் வியாபாரம் கற்ற பாடம். வடக்கே பம்பாய் டாக்கீஸின் ‘அச்சுத் கன்யா’வும் (1936) வெற்றிப் படம்தான். தீண்டத்தகாதவள் எனப்பட்ட கதாநாயகி அதில் ரயிலில் அடிபட்டுச் சாகிறாள்.

ஒரு வெற்றி எப்போது டிரெண்ட் ஆகிறது?

1990களின் தொடக்கத்துக்கு வருவோம். ‘சின்னக் கவுண்டர்’ ஓடியது. 1992 தீபாவளிக்கு ‘தேவர் மகன்’ வந்து பெரும் வெற்றி பெற்றது, தேசிய விருதுகளையும் வாங்கியது. 1993இல் ‘எஜமான்’, 1994இல் ‘நாட்டாமை’. ‘தேவர் மகன்’ இந்தியில் ‘விராசத்’ ஆனது, ‘நாட்டாமை’ தெலுங்கில் ‘பெதராயுடு’ ஆகி அங்கேயும் வசூலைக் குவித்தது. வெள்ளை வேட்டி, ஆலமரத்தடிப் பஞ்சாயத்து, தீர்ப்பு சொல்லும் பெரிய வீடு என்று ஒரு வார்ப்பு உருவானது. ஒவ்வொரு வெற்றியும் அடுத்த படத்துக்கு விலை ஏற்றிக் கொடுத்தது.

‘தேவர் மகன்’ அரிவாளைக் கீழே போடச் சொல்லி முடியும் படம்தான். ஆனால் வெளியே சாதிப் பெருமைக் கூட்டங்களில் ஒலித்தது அதன் பாட்டு. அதே பத்தாண்டில்தான், 1995 ஆகஸ்டு 31 அன்று, கொடியன்குளத்தில் தலித் மக்களின் வீடுகளைப் போலீஸ் அடித்து நொறுக்கியது. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு இருந்த மற்றவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். படம் பார்த்துத்தான் இதெல்லாம் நடந்தது என்பது என் வாதமல்ல. ஊர் எரிந்துகொண்டிருந்த காலத்தில் வெள்ளித்திரை யாருடைய திண்ணையிலிருந்து ஊரைப் பார்த்தது என்பதுதான் கேள்வி.

அந்த 1997இலேயே சேரனின் ‘பாரதி கண்ணம்மா’ வந்தது. பண்ணை வேலைக்காரனான தலித் இளைஞனுக்கும் பண்ணையார் மகளுக்குமான காதல். படம் வெற்றி. 2004இல் பாலாஜி சக்திவேலின் ‘காதல்’. அதுவும் வெற்றி. ஆனால் பெரிய வீட்டுப் படங்களுக்குக் கிடைத்த தொடர்ச்சி இவற்றுக்குக் கிடைக்கவில்லை. முதல் படத்தின் நாயகன் காதலியின் சிதையில் குதிக்கிறான், இரண்டாவது படத்தின் நாயகன் அடிபட்டு மனநிலை பிறழ்ந்து தெருவில் அலைகிறான். நந்தனின் தீ அணையவே இல்லை.

விதியும் விதிவிலக்கும்

2012இல் ‘அட்டகத்தி’, 2014இல் ‘மெட்ராஸ்’. இயக்குநர் பா. ரஞ்சித் சென்னையின் குடியிருப்புகளை அழுகையில்லாமல், கானாவும் கால்பந்தும் அரசியலுமாகக் காட்டினார். இரண்டும் ஓடின. 2016இல் ‘கபாலி’யின் திறப்பு நாடு முழுக்கப் பேசப்பட்டது. 2018 ஜூனில் வந்த ‘காலா’ எதிர்பார்த்த வசூலைத் தரவில்லை என்றார்கள். உடனே தீர்ப்பும் வந்தது: ரஜினியை அரசியல் பேச வைத்ததால் வந்த வினை.

ஒப்பிட்டுப் பாருங்கள். 2014இல் ‘லிங்கா’வில் நஷ்டப்பட்ட வினியோகஸ்தர்கள் உண்ணாவிரதம் வரை போனார்கள். அணை கட்டும் ராஜாவின் கதை இனி ஓடாது என்று யாரும் சொல்லவில்லை. விலை அதிகம் என்றார்கள். அது சரியான விளக்கம்தான். அந்த நியாயம் ‘காலா’வுக்கு ஏன் இல்லை? தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டே வாரம் ஆகியிருந்தது. போராட்டங்களால் தமிழ்நாடு சுடுகாடாகும் என்ற பொருளில் ரஜினி பேசிய சூடும் ஆறவில்லை. காவிரி விவகாரத்தால் கர்நாடகத்தில் வெளியீடே சிக்கலானது. இத்தனை காரணங்கள் கண்முன் இருந்தும் பழி விழுந்தது கதையின் மேல்.

அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று ‘பரியேறும் பெருமாள்’ வந்தது. பெரிய நட்சத்திரம் இல்லை. பார்த்தவர் வாய்ச்சொல்லிலேயே படம் ஓடியது. அதன் நாயகன் எரியவில்லை, பைத்தியமாகவில்லை. கடைசிக் காட்சியில் உட்கார்ந்து பேசுகிறான். 2019இல் பூமணியின் ‘வெக்கை’ நாவலிலிருந்து வெற்றிமாறன் எடுத்த ‘அசுரன்’ பஞ்சமி நிலத்தைப் பெருவெற்றிப் படத்தின் நடுவில் வைத்தது. 2021 ஏப்ரல் 9 அன்று ‘கர்ணன்’ வெளியானது. மறுநாளே கொரோனாவால் திரையரங்குகளில் பாதி இருக்கைதான். அப்படியும் வென்றது. 2023இல் ‘மாமன்னன்’.

இந்த வெற்றிகளுக்கு வியாபாரம் சொன்ன காரணங்களைக் கவனித்தீர்களா? ‘பரியேறும் பெருமாள்’ சிறு படத்தின் அதிர்ஷ்டம். ‘அசுரன்’ தனுஷால். ‘கர்ணன்’ தனுஷால். ‘மாமன்னன்’ வடிவேலுவால். வென்றால் நடிகர், தோற்றால் சாதி. ஆதிக்கச் சாதிக் கதையின் ஒரு வெற்றி விதியாகிறது, தோல்வி விதிவிலக்காகிறது. நம் கதைக்கு இது தலைகீழ்.

2024இல் இது எட்டே நாளில் அம்பலமானது. ஆகஸ்டு 15 அன்று வந்த ‘தங்கலான்’ அதன் பெரும் செலவுக்கு ஈடாக வசூலிக்கவில்லை. ‘சலித்துவிட்டது’ என்ற குரல்கள் எழுந்தன. ஆகஸ்டு 23 அன்று மாரி செல்வராஜின் ‘வாழை’ வந்தது. இரண்டு சிறுவர்களை நம்பிய படம், வாழைத்தார் சுமந்த கூலி மக்களின் கதை. குடும்பம் குடும்பமாக வந்து பார்த்தார்கள். சலித்துப்போன மக்கள் ஒரு வாரத்தில் எங்கிருந்து வந்தார்கள்?

மராத்தியிலும் இதே பாடம். நாகராஜ் மஞ்சுளேயின் ‘சைராட்’ (2016) ஏறத்தாழ 4 கோடியில் எடுக்கப்பட்டு, 100 கோடி வசூலைத் தாண்டிய முதல் மராத்திப் படமானது. புதுமுகங்கள், கிராமம், சாதி ஆணவக் கொலை. கணிப்பு அறிவியலாக இருந்திருந்தால் இந்தி மறுஆக்கம் சாதியை இன்னும் அழுத்தியிருக்க வேண்டும். 2018இல் வந்த ‘தடக்’ சாதியை மங்கலாக்கி, காதலை மட்டும் எடுத்துக்கொண்டது. 100 கோடி ரூபாய் ஆதாரத்தாலும் அந்தப் பயத்தைப் போக்க முடியவில்லை.

எண்ணைப் பார்த்தால் என்ன கேட்பது?

போஸ்டரில் போடும் கோடி பெரும்பாலும் மொத்த வசூல். அதில் வரி போக வேண்டும், திரையரங்கின் பங்கு போக வேண்டும், மீதிதான் ஷேர். 10 கோடியில் எடுத்த படம் 30 கோடி வசூலித்தால் போட்டவருக்கு லாபம் இருக்கலாம். 150 கோடியில் எடுத்த படம் 150 கோடி வசூலித்தால் திரையரங்கக் கணக்கில் மட்டும் பார்த்தால் நஷ்டம். ஆனால் விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது 150. தமிழ் சினிமாவில் இந்த எண்களைச் சரிபார்த்து எல்லாருக்கும் சொல்லும் பொது அமைப்பு இல்லை. ‘ஜெய் பீம்’, ‘சார்பட்டா பரம்பரை’ போல நேராக ஓ.டி.டி.யில் வந்த படங்களுக்கு வசூல் என்ற எண்ணே கிடையாது. ஆகவே யாராவது ‘இந்த வகை முடிந்தது’ என்றால் கேளுங்கள்: செலவு எவ்வளவு? எத்தனை திரை கிடைத்தது? எத்தனை காட்சி? போட்டிக்கு எந்தப் படம்? இதே அளவுகோலை மற்ற படங்களுக்கும் வைத்தீர்களா?

நமக்கு நாமே கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு. இன்றைக்கு ‘ஓடும்’ என்று கணிக்கப்படுவதால் நம் காயங்களை வார்ப்பாக்கவும் ஆள் வருகிறார்கள். அடிபடும் காட்சி, மலம் தின்ன வைக்கும் காட்சி, இடைவேளைக்கு முன் ஒரு கொலை என்று பட்டியல் போட்டு எடுத்தால், நந்தனைத் தீயில் இறக்கிய அதே சந்தைக்குத்தான் நாமும் சரக்கு கொடுக்கிறோம். சேரியிலிருந்து காதல் நகைச்சுவை வரட்டும், பேய்ப் படம் வரட்டும், தோற்கிற படமும் வரட்டும். 1935இன் நந்தனுக்குக் கிடைத்த இரண்டாம் வாய்ப்பு நம் பிள்ளைகளின் தோல்விப் படங்களுக்கும் கிடைக்கட்டும்.

அதற்குக் கதை மட்டும் போதாது. தயாரிப்பிலும் வினியோகத்திலும் திரையரங்கிலும் நம் ஆட்கள் வேண்டும். ‘பரியேறும் பெருமாள்’ வந்தது நீலம் என்ற தயாரிப்பு நிறுவனம் முதல் போட முன்வந்ததால்தான். சினிமா படிக்கும் தோழர்கள் திரைக்கதையோடு சேர்த்து ஏரியா விலையையும் ஷேர் கணக்கையும் படியுங்கள். கணிப்பவர்களின் மேசையில் நம் ஆட்கள் உட்காராத வரைக்கும், ஓடாது என்ற சொல்லை அவர்களே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.