சோற்றைக் குறைத்தால் சக்தி எங்கிருந்து வரும்?

கிளினிக்கில் குருதிச் சீனி கூடிவிட்டது, சோற்றைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். பெரியம்மா அடுத்த நாளே சொன்னபடி செய்தார். மதியம் மூன்று கப் சோறு ஒரு கப் ஆனது. காலையில் பாணை விட்டார். இரவில் வெள்ளரிக்காயும் வெறுந்தேத்தண்ணியும் மட்டும். தேங்காய் கூடாது, எண்ணெய் கூடாது என்று யாரோ சொன்னதால் அவற்றையும் ஒதுக்கினார். "சீனி குறைஞ்சிட்டுது தானே, பிறகேன் எனக்குக் கை கால் சோருது?" என்று தொலைபேசியில் கேட்டார். மூன்றாவது கிழமை கிணற்றடியில் சரிந்து விழுந்தார். அயல்வீட்டுக்காரர் சோதித்துப் பார்த்தபோது சீனி 54.

இரண்டு தவறுகள் ஒன்றாக நடந்திருந்தன. சோற்றால் கிடைத்த சக்திக்குப் பதிலாக அவர் வேறெதையும் உண்ணவில்லை. உணவு குறைந்த பிறகும் நீரிழிவுக் குளிசை பழைய அளவிலேயே போனது. சோற்றைக் குறை என்று சொல்லப்படும் எவருக்கும் இந்த இரண்டும் நடக்கலாம். ஆகவே இந்த உணவுமுறை என்ன, அதில் உடலுக்குப் போதிய சக்தியை எப்படி எடுப்பது, யார் இதைத் தனியே தொடங்கக் கூடாது என்பவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

எங்கள் தட்டும் எங்கள் வருத்தமும்

இலங்கையர் ஒரு நாளில் பெறும் சக்தியில் ஏறக்குறைய 70 வீதம் மாச்சத்திலிருந்து வருகிறது. காலையில் இடியப்பம் அல்லது பாண், மதியம் சோறு, இரவில் புட்டு. தேத்தண்ணிக்குச் சீனி அல்லது பனங்கட்டி. புரதமும் கொழுப்பும் தட்டின் ஓரத்தில் சிறிது இருக்கும்.

2005, 2006 காலத்தில் நாட்டில் நடந்த பெரிய நீரிழிவு ஆய்வு, வளர்ந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. நீரிழிவுக்கு முந்திய நிலையில் உள்ளவர்களையும் சேர்த்தால் ஐந்தில் ஒருவர். அந்த ஆய்வு ஏழு மாகாணங்களில்தான் நடந்தது. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் சேர்க்கப்படவில்லை.

யுத்தப் பசிக்கும் நீரிழிவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்பதற்கு வேறொரு நாட்டின் அனுபவம் உண்டு. 1944, 1945 குளிர்காலத்தில் ஜேர்மன் படைகளின் முற்றுகையால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்தது. அக்காலத்தில் தாயின் வயிற்றில் இருந்தவர்களை ஏறக்குறைய ஐம்பது வயதில் சோதித்தபோது, அவர்களின் உடல் குளுக்கோசைக் கையாளும் திறன் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. 2009 இல் வன்னியில் கருவிலிருந்த பிள்ளைகளுக்கும் இதுவே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அந்தக் காலத்தைக் கடந்து வந்த குடும்பங்கள் சீனியைச் சோதிப்பதில் அசட்டையாக இருக்கக் கூடாது. அரச வைத்தியசாலைகளில் இச்சோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம்.

குறைந்த மாச்சத்து என்றால் எவ்வளவு?

ஒரு நாளில் 130 கிராமுக்குக் குறைவாக மாச்சத்து எடுப்பதைப் பொதுவாகக் குறைந்த மாச்சத்து உணவுமுறை என்பார்கள். 50 கிராமுக்கும் கீழே போனால் அது மிகக் குறைந்த மாச்சத்து. யூடியூப்பில் 'கீற்றோ' என்று பேசப்படுவது இந்த இரண்டாவது வகை.

ஒரு கப் சோற்றில் ஏறக்குறைய 45 கிராம் மாச்சத்தும் 200 கிலோ கலோரி சக்தியும் உண்டு. மூன்று கப் சோறு சாப்பிட்டாலே அன்றைய 130 கிராம் தாண்டிவிடும்.

எல்லாரும் 130 கிராமுக்குக் கீழே இறங்க வேண்டும் என்றில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தரவுகளைக் கொண்டு 2022 இல் வெளியான ஓர் ஆய்வு, மொத்தச் சக்தியில் மாச்சத்தின் பங்கை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துப் புரதத்தைக் கூட்டினால் நீரிழிவு கட்டுப்படும் வாய்ப்புக் கூடும் என்று கணித்தது. 70 வீதத்தில் இருப்பவர் 50 வீதத்துக்கு வருவதே பெரிய மாற்றம்தான்.

பலரும் ஏமாறும் ஓரிடத்தையும் குறிப்பிட வேண்டும். குரக்கன் மா, சிவப்பரிசி மா, ஒடியல் மா, மரவள்ளி எல்லாம் மாச்சத்து உணவுகளே. குரக்கன் மா 100 கிராமில் 70 கிராமுக்கு மேல் மாச்சத்து. நார்ச்சத்து கூடுதலாக இருப்பது நல்லதுதான், ஆனால் வெள்ளைப் புட்டு இரண்டு குழல் சாப்பிட்டவர் குரக்கன் புட்டு மூன்று குழல் சாப்பிட்டால் சீனி குறையாது. பனங்கட்டியும் சீனிதான்.

சக்தி எப்படிக் கிடைக்கிறது?

ஒரு கிராம் மாச்சத்து 4 கிலோ கலோரி தரும். ஒரு கிராம் புரதமும் 4 தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 தரும்.

மூளைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 120 கிராம் குளுக்கோசு தேவை. அது முழுவதும் சாப்பாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. மாச்சத்து குறையும்போது ஈரல் புரதத்திலிருந்தும் கொழுப்பின் ஒரு பகுதியிலிருந்தும் குளுக்கோசை உருவாக்கும். மாச்சத்து மிகவும் குறைந்தால், சில நாட்களில் ஈரல் கொழுப்பைக் கீற்றோன்களாக மாற்றும். மூளையும் தசையும் அவற்றை எரித்துக்கொள்ளும்.

ஆனால் இதற்கு மூலப்பொருள் வேண்டும். மாச்சத்தையும் குறைத்து, கொழுப்பையும் குறைத்து, புரதத்தையும் கூட்டாமல் விட்டால் அது உணவுமுறையல்ல, அரைப் பட்டினி. உடல் தன் தசையையும் கரைக்கத் தொடங்கும். நிறை குறைவதைப் பார்த்து மகிழ்ந்தாலும், படியேறவும் தண்ணீர் அள்ளவும் பலம் இருக்காது.

400 கலோரியை நிரப்புவது

மதியம் மூன்று கப் சோற்றை ஒரு கப் ஆக்கினால் 90 கிராம் மாச்சத்தும் 400 கிலோ கலோரியும் குறையும். உடல் பருமன் உள்ளவர் அதில் ஒரு பகுதியை நிரப்பாமல் விடலாம். மெலிந்தவரும் உடலுழைப்பு உள்ளவரும் அதை முழுவதுமாக நிரப்ப வேண்டும். எங்கள் அடுக்களையில் இருப்பவற்றின் அண்ணளவான கணக்கு இது:

- இரண்டு முட்டை: 145 கிலோ கலோரி, 12 கிராம் புரதம்
- ஒரு கைப்பிடி கச்சான், 30 கிராம்: 170 கிலோ கலோரி, 7 கிராம் புரதம்
- தேங்காய்ப்பூ 25 கிராம்: 90 கிலோ கலோரி
- ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய்: 120 கிலோ கலோரி
- மீன் 100 கிராம்: 100 முதல் 200 கிலோ கலோரி, ஏறக்குறைய 20 கிராம் புரதம்
- எள்ளு ஒரு மேசைக்கரண்டி: 50 கிலோ கலோரி

முட்டை, கச்சான், தேங்காய்ப்பூ ஆகிய மூன்றையும் சேர்த்தாலே 400 வந்துவிடும். மாச்சத்தோ பத்துக் கிராம் அளவில்தான் கூடும்.

மீனில் சூடை, சாளை போன்ற சிறிய மீன்கள் நல்லவை. விலை குறைவு, நல்ல கொழுப்பும் உண்டு. நெத்தலிக் கருவாட்டில் புரதம் நிறைய இருந்தாலும் உப்பும் நிறைய. குருதி அழுத்தம் உள்ளவர்கள் ஊறவைத்துக் கழுவி, அளவாகச் சேர்க்க வேண்டும். தேங்காயின் கொழுப்பு பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு. ஆகவே குறையும் சக்தி முழுவதையும் தேங்காய்ப்பாலால் நிரப்பாமல், கச்சான், எள்ளு, நல்லெண்ணெய், மீன் ஆகியவற்றையும் கலந்துகொள்வது இதயத்துக்குப் பாதுகாப்பு.

பயறு, கௌபி, கடலை ஆகியவற்றில் புரதத்தோடு மாச்சத்தும் உண்டு. அவற்றைச் சோற்றுக்கு மேலதிகமாக அல்ல, சோற்றின் ஒரு பங்குக்குப் பதிலாக எடுக்க வேண்டும். கத்தரி, வெண்டி, பாகல், புடோல், முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி போன்றவற்றைத் தட்டின் பாதிக்கு வைக்கலாம். ஆனால் அவை வயிற்றைத்தான் நிரப்பும், சக்தியைத் தராது. எண்ணெயோ தேங்காய்ப்பூவோ சேர்த்துச் சமைத்தால்தான் சக்தி வரும்.

ஒரு நாள் சாப்பாடு

காலை: சிறிய கப் புட்டு, தேங்காய்ப்பூ, வெங்காயம் சேர்த்துப் பொரித்த இரண்டு முட்டை, சீனி போடாத தேத்தண்ணி.

பத்து மணிக்கு: ஒரு கைப்பிடி கச்சான்.

மதியம்: ஒரு கப் சோறு, பெரிய துண்டு மீன் குழம்பு, தேங்காய்ப்பூ போட்ட கீரைச் சுண்டல், ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் வதக்கிய கத்தரிக்காய்.

இரவு: அரைக் கப் அவித்த பயறு, மீன் அல்லது முட்டை போட்ட சொதி, ஒரு மரக்கறி.

இதில் ஏறக்குறைய 1,600 கிலோ கலோரியும் 130 கிராம் மாச்சத்தும் கிடைக்கும். வீட்டு வேலை செய்யும் சிறிய உடலமைப்புள்ள பெண்ணுக்கு இது ஓரளவு போதும். தோட்டத்திலோ கடலிலோ உழைப்பவருக்குப் போதாது. அவர் இன்னொரு கைப்பிடி கச்சான், இன்னொரு துண்டு மீன், இன்னொரு கரண்டி எண்ணெய் சேர்த்தால் 2,000 வரும். கடும் உழைப்புள்ள நாளில் அரைக் கப் சோற்றைக் கூட்டுவதில் தவறில்லை.

முதல் இரண்டு கிழமை

மாச்சத்து திடீரெனக் குறையும்போது உடலிலிருந்து நீரும் உப்பும் கூடுதலாக வெளியேறும். தலையிடி, சோர்வு, கெண்டைக்கால் பிடிப்பு, எழும்போது தலைச்சுற்று வரலாம். தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும். ஒரே நாளில் நிறுத்தாமல், கிழமைக்கு அரைக் கப் என்று சோற்றைக் குறைத்தால் இந்தத் தொல்லை குறையும். குருதி அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களுக்கு அழுத்தம் அதிகம் இறங்கவும் கூடும், அளந்து பார்க்க வேண்டும்.

வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக் கூடாதவர்கள்

இன்சுலின் போடுபவர்களும், கிளிபென்கிளமைட், கிளிக்லசைட், ரொல்பியூட்டமைட் போன்ற குளிசை எடுப்பவர்களும் முதலில் வருவார்கள். இவை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சீனியை இறக்கும். உணவைக் குறைக்கும் முன்னரே மருந்தின் அளவைப் பற்றி வைத்தியருடன் பேச வேண்டும். மெட்போமின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

எம்பாகிளிபுளொசின், டபாகிளிபுளொசின் எடுப்பவர்கள் மாச்சத்தை அதிகம் குறைத்தால், சீனி சாதாரணமாகக் காட்டும்போதே குருதியில் கீற்றோன் அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுவர்கள், முதலாம் வகை நீரிழிவு உள்ளவர்கள், ஏற்கெனவே நிறை குறைந்தவர்கள் தாங்களாக இதைத் தொடங்கக் கூடாது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன் கேட்க வேண்டும்.

யுத்தத்தில் காயமடைந்தவர்களுக்குத் தனிக் கணக்கு. செயற்கைக் காலுடன் நடப்பவருக்கு அதே தூரத்தை நடக்க மற்றவரைவிடக் கூடுதல் சக்தி செலவாகும். முழங்காலுக்கு மேலே இழந்தவருக்கு இன்னும் கூட. அவர் மெலிந்தால் காலின் மிச்சப் பகுதி சுருங்கி, செயற்கைக் கால் தளர்ந்து புண்ணாகவும் இடமுண்டு. முள்ளந்தண்டு காயத்தால் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கோ மொத்தச் சக்தித் தேவை குறைவு, சோற்றைக் குறைப்பது அவருக்குப் பயன் தரலாம். ஆனால் படுக்கைப் புண் இருந்தால் புரதமும் சக்தியும் குறையவே கூடாது, புண் ஆறாது.

சீனி இறங்கினால்

வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும் பசி, தடுமாற்றம் ஆகியவை அறிகுறிகள். சோதனையில் 70 க்குக் கீழே இருந்தால், அல்லது சோதிக்க வழியில்லாவிட்டால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்க வேண்டும். 15 நிமிடத்தில் குணம் தெரியாவிட்டால் மீண்டும் ஒருமுறை. தெளிந்த பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும்.

எவ்வளவு பயன்?

மாச்சத்தைக் குறைப்பவர்களின் சீனி முதல் ஆறு மாதத்தில் நன்றாக இறங்குவதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு வருடம் போகும்போது மற்ற நல்ல உணவுமுறைகளுக்கும் இதற்கும் வித்தியாசம் சிறிதாகிவிடுகிறது. பலரால் தொடர முடியாமல் போவது இதற்கு ஒரு காரணம்.

எங்கள் சனத்துக்குத் தொடர்வது இன்னும் கடினம். கடைசி நாட்களில் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சிக்காக வரிசையில் நின்றவர்கள், பிறகு முகாமில் அரிசியும் கோதுமை மாவும் பருப்பும் நிவாரணமாக வாங்கி உண்டவர்கள். அவர்களிடம் சோற்றைத் தள்ளி வை என்பது வெறும் உணவு ஆலோசனை அல்ல. கிளினிக்கில் சொல்பவர்கள் எதைக் குறைப்பது என்பதோடு எதைக் கூட்டுவது என்பதையும் சேர்த்துச் சொன்னால் பாதிப் பயம் தீரும்.

பெரியம்மாவுக்கு வைத்தியர் குளிசையைப் பாதியாக்கினார். இப்போது அவர் மதியம் ஒரு கப் சோற்றோடு மீனும் கீரையும் சாப்பிடுகிறார், மடியில் கச்சான் சரை ஒன்று எப்போதும் இருக்கும். கிணற்றடி வேலையும் அவர்தான். ஆனால் வீட்டில் இரண்டே பேர் இருந்தும் இன்னும் மூன்று சுண்டு அரிசிதான் உலையில் போடுகிறார். யாராவது வந்தால் என்ன செய்வது என்கிறார்.