எடுப்பும் கூனும்: அச்சுச் சுரதாளக் குறிப்பில் அளவும் தொடக்கமும்

திருமலைக் கோயிலில் 1922ஆம் ஆண்டளவில் வெளிப்பட்ட தாளப்பாக்கம் செப்பேடுகள், அன்னமாச்சாரியாரும் அவர் வழியினரும் இயற்றிய பல்லாயிரம் தெலுங்குச் சங்கீர்த்தனங்களைத் தாங்கியுள்ளன. பாடல்தோறும் இராகப் பெயர் வெட்டப்பட்டுள்ளது; தாளப் பெயர் இல்லை. எனவே ஒரு பாடல் தாளவட்டத்தின் எவ்விடத்தில் தொடங்கியது என்பதை அவ்வேடுகளைக் கொண்டு அறிய இயலாது. தமிழ்க் கீர்த்தனை நூல்களின் நிலையும் இதனின் மிகுதியும் வேறன்று. இராகம், தாளம் இரண்டையும் தலைப்பில் அச்சிட்ட பதிப்புகளும் எடுப்பைச் சொல்லாமல் விடுவது பெருவழக்கு. அவ்விடுபாடு பாட்டின் யாப்பையும் தாக்குகிறது என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

எடுப்பு என்பது தாளவட்டத்தில் பாடல் தொடங்கும் இடம். பாட்டும் தாளமும் ஒருங்கே தொடங்கின் சமம். பாட்டு முந்தின் அதீதம். தாளம் முந்திப் பாட்டுப் பின்வரின் அனாகதம். ஐரோப்பிய ஐங்கோட்டுக் குறியீட்டிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. அங்கு இசை, குத்துக்கோடுகளால் சம அளவுள்ள கூறுகளாகப் பகுக்கப்படுகிறது. முதல் முழுக்கூற்றுக்கு முன்னரே ஓரிரு சுரங்கள் ஒலிக்க வேண்டுமாயின், அவற்றை மட்டும் கொண்ட குறைக்கூறு ஒன்று முதலில் நிற்கும். அதனை எண்ணிக்கையிற் சேர்ப்பதில்லை; அடுத்துவரும் முழுக்கூறே ஒன்றாம் கூறு. நான்கு எண்ணிக்கை கொண்ட இசையில் முன்னெடுப்பு ஓர் எண்ணிக்கையாயின், இறுதிக்கூறு மூன்று எண்ணிக்கையோடு முடிவதே மரபு. முதலிற் பெற்ற கடனை இறுதியில் அடைப்பது போன்றது இது.

நம் முறையில் கடன் இல்லை. ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களில், அட்சரத்துக்கு நான்கு அலகு வீதம், முப்பத்திரண்டு அலகுகள் அமைகின்றன. ஒன்றரை இட எடுப்பாயின் பாட்டுக்கு முன் ஆறு அலகுகள் கழிய வேண்டும். காற்புள்ளி ஓரலகும் அரைப்புள்ளி ஈரலகும் ஆதலின், மூன்று அரைப்புள்ளிகளை இட்ட பின்னரே முதற்சுரம் எழுதப்படும். ஆவர்த்தம் முழுமையாகவே நிற்கிறது, மௌனமும் எண்ணப்படுகிறது. ச ஓரலகு, சா ஈரலகு என்னும் வழக்கும் குறில் ஒரு மாத்திரை, நெடில் இரு மாத்திரை என்னும் இலக்கணத்தோடு பொருந்துவது காண்க.

ஈண்டுத் தமிழ் யாப்பியலின் கூன் நினைவுக்கு வரும். அடியின் முதலில் பொருளோடு பொருந்தி, ஆயினும் அடியின் சீர்க்கணக்கில் அடங்காது தனித்து நிற்கும் சொல் அது. வஞ்சியடியில் அசையும் நேரடியில் சீரும் கூனாதலைத் தொல்காப்பியச் செய்யுளியல் கூறுகிறது. முன்னெடுப்பைக் கூனோடு ஒப்பிடும் ஆசை இயல்பே; எனினும் ஒப்புமை முழுமையானதன்று. கூன் எக்கணக்கிலும் சேராது. ஐரோப்பிய முன்னெடுப்பு இறுதிக்கூற்றில் கழிக்கப்படும். அனாகதத்திலோ பாட்டுக்கு முற்பட்ட வெற்றிடமே கணக்கில் ஏறுகிறது. மூன்றையும் ஒன்றெனக் கொண்டால் குறிப்பைப் படிப்பவர் தவறான இடத்தில் தாளம் போடுவார்.

இவ்விருமுறைகளும் நேர்பட்ட களம் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டு. சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் வாலாஜாப்பேட்டை, தியாகராசரின் நேர்மாணவர் வேங்கடரமண பாகவதரின் மரபு வளர்ந்த ஊர். அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரிடம் கேட்டறிந்த உருப்படிகளை அ. மு. சின்னசாமி முதலியார் ஐங்கோட்டுக் குறியீட்டில் எழுதிச் சென்னையில் 1890களின் தொடக்கத்தில் வெளியிட்டார். சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி தெலுங்கு எழுத்தில் எட்டயபுரத்தில் 1904இல் வெளிவருவதற்கும் அவரது தூண்டுதல் ஒரு காரணம். ஐங்கோட்டு முறை நம் பாடகரிடையே வேரூன்றவில்லை. சுர எழுத்து முறையே நிலைத்தது. பிரதர்சினியைச் சென்னைச் சங்கீத வித்துவத் சபை 1961 முதல் தமிழ் எழுத்தில் வெளியிட்டதும் சுர எழுத்து முறையிலேயே.

எடுப்பு தவறின் நேர்வது யாது? தியாகராசரின் தேசாதித் தாளக் கீர்த்தனைகள் பல இன்று ஆதி தாளத்தில் ஒன்றரை இட எடுப்பாகப் பாடப்படுகின்றன. அத்தகையதொன்றைச் சமத்தில் தொடங்கினால் பாடல் முழுவதும் ஆறலகு முன்னே நகரும். இலகு முடிந்து துருதம் தொடங்குமிடத்தில் விழ வேண்டிய அறுதி இடம் மாறும். ஒரு சொல்லின் நடுவே தட்டு விழும். யாப்பில் சீருக்காகச் சொல்லைப் பிளக்கும் வகையுளியை ஒத்த சிதைவு இது. ஆனால் புலவர் செய்ததன்று, பதிப்பின் குறையால் நேர்வது. எடுப்பறியாது கீர்த்தனை யாப்பை ஆராய்வோர் இச்சிதைவைச் சாகித்தியத்தின் குற்றமாக எண்ணக்கூடும்.

மெட்டு மறைந்த பாடல்களில் சிக்கல் மேலும் ஆழமானது. அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகள் சிலவற்றுக்கு அரியக்குடி இராமானுச ஐயங்கார் 20ஆம் நூற்றாண்டில் மெட்டமைத்தார். அவற்றின் எடுப்பு ஐயங்காருடையதேயன்றிக் கவிராயருடையதன்று. திருமலைச் செப்பேட்டுப் பாடல்களுக்கு இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலானோர் அமைத்த சுரதாளக் குறிப்புகளும் அத்தகையனவே. அவற்றில் காணும் அரை இடம், ஒன்றரை இடம் ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு 15ஆம் நூற்றாண்டின் தாளவழக்கை வரையறுக்க முற்படுவது பொருந்தாது. பதிப்பாசிரியர் பாடலின் தலைப்பில் இராகம், தாளத்தோடு எடுப்பையும், அது யார் பாடத்திலிருந்து பெறப்பட்டது என்பதையும் ஒரு வரியில் குறித்தல் வேண்டும்.