கட்டளையா, அனுமதியா? ஒரு விமானத்தின் கதை

போன கிழமை உயர்தர வகுப்பில் அமெரிக்க அரசியலமைப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வலுவேறாக்கம், தடைகளும் சமன்பாடுகளும் என்று வழமையான பாடம்தான். கடைசி வாங்கில் இருக்கும் மாணவன் ஒருவன் கையை உயர்த்தினான்.

"சேர், ஆர்மிக்கு என்ன சாமான் வேணும் எண்டு ஆர்மிக்காரங்கதானே சொல்லணும்? அதுக்கு எதுக்கு ஒவ்வொரு வருஷமும் புதுசா ஒரு சட்டம்?"

மணி அடித்துவிட்டது. "நாளைக்குச் சொல்றன்" என்று தப்பிவிட்டேன். மறுநாள் அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். நீளம்தான், பொறுமையுள்ளவர்கள் வாசியுங்கள்.

முதலில் ஒரு விஷயம். நமது பாராளுமன்றத்தில் ஒதுக்கீட்டுச் சட்டமூலத்தின் குழுநிலை விவாதத்தில் பாதுகாப்பு அமைச்சின் தலைப்புக்கு வாக்கெடுத்தால் அந்த வருடத்துக் கதை முடிந்தது. அமெரிக்காவில் அப்படியில்லை, இரண்டு கதவுகள் இருக்கின்றன. என்ன வாங்கலாம், எத்தனை வாங்கலாம், எவ்வளவு வரை செலவிடலாம் என்று சொல்வது ஒரு சட்டம். இதுதான் வருடா வருடம் செய்திகளில் அடிபடும் தேசிய பாதுகாப்பு அதிகாரமளிப்புச் சட்டம். உண்மையில் காசைக் கொடுப்பது இன்னொரு சட்டம், ஒதுக்கீட்டுச் சட்டம். ஆயுதம் செய்யும் கம்பனிக்கு இரண்டு கதவும் திறக்க வேண்டும்.

இந்த முதல் கதவு ஆதியிலிருந்தே இருந்ததல்ல. 1950களில் ஆயுதக் கொள்வனவுக்குத் திறந்த அனுமதிதான் இருந்தது. எதை வாங்குவது என்பதில் கொங்கிரஸின் ஆயுதப்படைக் குழுக்களுக்குப் பெரிய பிடி இருக்கவில்லை. சோவியத் விமானங்களைச் சுட்டு வீழ்த்தத் தரைப்படை நைக் ஹெர்குலிஸ் ஏவுகணையை வாங்கியது. அதே வேலைக்கு விமானப்படை போயிங் கம்பனியின் போமார்க்கை வாங்கியது. ஒரே வீட்டுக்கு இரண்டு காவல்காரர், இரண்டு பேருக்கும் சம்பளம். சலித்துப்போன கொங்கிரஸ் 1959 ஓகஸ்டில் ஒரு கட்டுமானச் சட்டத்துக்குள் 412ஆம் பிரிவைச் சேர்த்தது. 1960 முடிந்த பிறகு விமானம், ஏவுகணை, போர்க்கப்பல் எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே சட்டத்தால் அதிகாரமளிக்கப்படாவிட்டால் காசு ஒதுக்க முடியாது என்றது அந்தப் பிரிவு. பிற்காலத்தில் ஆராய்ச்சி, தாங்கிகள் என்று ஒவ்வொன்றாக அதற்குள் வந்து சேர்ந்தன.

அதே 1959இல் பிரதிநிதிகள் சபையின் உபகுழுவொன்று இன்னொரு கணக்கையும் எடுத்தது. மேஜர் தரத்துக்கும் அதற்கு மேலும் இருந்து ஓய்வுபெற்ற 1,400க்கு மேற்பட்ட அதிகாரிகள் முன்னணி 100 ஒப்பந்தக் கம்பனிகளில் வேலை செய்தார்கள். 1961 ஜனவரியில் ஐசனோவர் தனது பிரியாவிடை உரையில் இராணுவ-கைத்தொழில் கூட்டைப் பற்றி எச்சரித்ததை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். முதலாவது வருடாந்த அதிகாரமளிப்புச் சட்டம் வந்ததும் அதே 1961இல்தான் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

இனி விமானத்துக்கு வருவோம். பி-70 என்பது ஒலியை விட மூன்று மடங்கு வேகத்தில், 70,000 அடி உயரத்தில் பறக்கவேண்டிய குண்டுவீச்சு விமானம். 1957 கடைசியில் அந்த ஒப்பந்தம் நோர்த் அமெரிக்கன் ஏவியேஷனுக்குக் கிடைத்தது. இரண்டாம் உலகப்போரில் மஸ்டாங் செய்த அதே கம்பனி. 1959இல் அவர்களின் எஃப்-108 திட்டம் இரத்தானது. எனவே பி-70 அவர்களுக்கு உயிர்நாடி. ஆனால் அந்த வருட இறுதியிலேயே ஐசனோவர் அதை ஒரேயொரு மாதிரி விமானமாகச் சுருக்கினார். 1960 தேர்தல் வருடம், காசு மீண்டும் கூடியது. (தேர்தல் வருடத்தில் என்னென்ன கூடும் என்று நமக்குத் தெரியாதா?) 1961 மார்ச்சில் கென்னடி மறுபடியும் வெட்டினார். கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை வந்துவிட்டது, உயரத்தில் பறந்த யூ-2வை 1960 மே மாதம் சோவியத் சுட்டு வீழ்த்தியும்விட்டது; இனி இந்த விமானம் எதற்கு என்பது அவரது பாதுகாப்புச் செயலாளர் மக்னமாராவின் வாதம். விமானப்படைத் தளபதி லிமேயோ வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

இந்த இடத்தில்தான் புதிய சட்டத்தின் பலம் தெரியவந்தது. 1962இல் அரசாங்கம் கேட்டது 171 மில்லியன் டொலர். பிரதிநிதிகள் சபை ஆயுதப்படைக் குழுவின் தலைவர் கார்ல் வின்சன் 491 மில்லியன் எழுதினார். ஜோர்ஜியாக்காரர், 1914 முதல் சபையில் இருப்பவர். தொகையை விட வினைச்சொல்தான் பயங்கரம்: அந்தப் பணத்தைச் செலவிடும்படி விமானப்படைச் செயலாளருக்குச் சட்டமூலம் கட்டளையிட்டது. அதுவரை அதிகாரமளிப்பு என்றால் "வாங்கலாம்" என்றுதான் அர்த்தம். இப்போது "வாங்கியே ஆகவேண்டும்".

கென்னடிக்கு இது விமானப் பிரச்சினையாக மட்டும் தெரியவில்லை. எந்தக் கம்பனிக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சட்டசபை நிறைவேற்றுத்துறைக்குக் கட்டளையிட முடியுமா? பயந்துபோனது வெள்ளை மாளிகை. மார்ச் 20ஆம் திகதி கென்னடி வின்சனை ரோஜாத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று நடந்தபடியே பேசினார். திட்டத்தை மீளாய்வு செய்கிறோம் என்ற வாக்குறுதி கொடுக்கப்பட்டது. "கட்டளையிடுகிறது" போய் "அதிகாரமளிக்கிறது" வந்தது. தொகை அப்படியே இருந்தது.

அந்த ஒரு சொல் மாற்றத்தோடு நோர்த் அமெரிக்கனின் கனவும் போனது. ஒதுக்கீட்டுச் சட்டத்திலும் கேட்டதை விடக் கூடுதலாகவே காசு வந்தது, ஆனால் மக்னமாரா அந்த மேலதிகத்தைச் செலவிட மறுத்துவிட்டார். கடைசியில் செய்யப்பட்டவை இரண்டே இரண்டு விமானங்கள், அதுவும் பரீட்சார்த்தமாக. 1966 ஜூன் 8ஆம் திகதி, இயந்திரம் செய்த ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியின் விளம்பரப் படத்துக்காகப் பல விமானங்கள் நெருங்கிப் பறந்தபோது ஒரு எஃப்-104 மோதி அவற்றில் ஒன்று விழுந்தது. இரண்டு விமானிகள் இறந்தார்கள். மற்றது ஓஹாயோ மாநிலம் டேட்டனில் நூதனசாலையில் நிற்கிறது.

கம்பனி அழிந்ததா? இல்லை. 1961 நவம்பரில் அப்பல்லோ விண்கலத்தின் வேலை கிடைத்திருந்தது. 1967இல் ரொக்வெல்லுடன் இணைந்தது. 1970இல் பி-1 குண்டுவீச்சு விமான ஒப்பந்தம் அவர்களுக்கே கிடைத்தது. 1977இல் கார்ட்டர் அதை நிறுத்தினார், 1981இல் ரீகன் உயிர்ப்பித்தார். இதற்கிடையில் 1974இல் வந்த ஒரு சட்டம், ஒதுக்கிய பணத்தை ஜனாதிபதி தன்னிஷ்டத்துக்குச் செலவிடாமல் வைத்திருப்பதற்குக் கட்டுப்பாடு போட்டது. நிக்சன் பணத்தை முடக்கியதற்கு எதிர்வினை அது. மக்னமாரா செய்ததை இனி அவ்வளவு லேசாகச் செய்ய முடியாது.

கம்பனிகளும் பாடம் படித்தன. உதிரிப்பாக வேலையை மாநிலம் மாநிலமாகப் பிரித்துக் கொடுத்தால் வாக்குகளும் அங்கங்கே விளையும். எஃப்-22 விமானத்துக்கு 44 மாநிலங்களில் வேலை நடப்பதாக லொக்ஹீட் மார்ட்டின் சொன்னது. 2009 ஜூலையில், மேலும் 7 விமானங்களுக்கான 1.75 பில்லியன் டொலரை அதிகாரமளிப்புச் சட்டமூலத்திலிருந்து நீக்க ஒபாமா மறுப்பாணை மிரட்டலே விடவேண்டியிருந்தது. செனட் 58க்கு 40 என்று நீக்கியது. எதிர்த்தவர்களில் ஒருவர் விமானம் பொருத்தப்பட்ட ஜோர்ஜியாவின் செனட்டர், இன்னொருவர் அதன் இயந்திரம் செய்யப்பட்ட கனெக்டிகட்டின் செனட்டர். ஒருவர் குடியரசுக் கட்சி, மற்றவர் ஜனநாயகக் கட்சி.

மாணவனின் கேள்விக்கு நேரடி உதாரணம் ஓஹாயோவின் லீமா நகரம்தான். எப்ராம்ஸ் தாங்கிகளை ஜெனரல் டைனமிக்ஸ் கம்பனி அங்கேதான் செய்கிறது. கையில் இருக்கும் தாங்கிகள் போதும், இந்த வேலையைச் சில வருடம் நிறுத்திவைப்போம் என்று 2012 அளவில் தரைப்படையே சொன்னது. தளபதி ஒடியர்னோ கொங்கிரஸில் வந்து சொன்னார். கொங்கிரஸ் கேட்கவில்லை, காசைக் கொடுத்தது. அவர்கள் சொன்ன காரணத்தை முழுக்கத் தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. பட்டறையை மூடினால் தேர்ந்த வெல்டர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், மீண்டும் திறக்கும்போது அவர்களை எங்கே தேடுவது என்றார்கள். ஆனால் வேண்டாம் என்பவனின் கையில் தாங்கியைத் திணிப்பதற்கு அது போதுமா?

இதை வகுப்பில் சொல்லி முடித்தபோது கேள்வி கேட்ட மாணவன் சிரித்தான். "அப்ப ஆர்மி வேணாம் எண்டாலும் வாங்கத்தான் வேணும்."

ஆனால் முன் வரிசையில் ஒரு மாணவி சிரிக்கவில்லை. அவளின் உம்மா வேலை செய்த காமென்ட் பெக்டரி போன வருடம்தான் மூடப்பட்டது. "சேர், அந்த லீமாவ மூடியிருந்தா அங்க வேல செஞ்சவங்களுக்கு வேற என்ன இரிக்கி?" என்று கேட்டாள்.

அதற்கும் "நாளைக்குச் சொல்றன்" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.