பல்செட்டில் ஆரம்பித்த கராஜ் தரை

அமெரிக்காவில் வீடு வாங்கின என் நண்பர்களில் மூணு பேர் இதுவரைக்கும் கராஜ் தரைக்கு எபாக்ஸி அடிச்சிருக்காங்க. மூணு பேருமே என்னை மாதிரி பொட்டி தட்டுறவங்கதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையில் ஒரு டப்பா வாங்குவது, சனிக்கிழமை முழங்கால் தேய ரோலர் ஓட்டுவது, ஞாயிற்றுக்கிழமை பளபளன்னு போட்டோ அனுப்புவது. கடைசியாக ஒருத்தன் அனுப்பிய போட்டோவைப் பார்த்தபோதுதான் இந்தச் சமாச்சாரம் எங்கேயிருந்து வந்ததுன்னு தேட ஆரம்பிச்சேன். போய்ச் சேர்ந்த இடம் பல் டாக்டர் கடை!

முதலில் கராஜ் கதையைச் சுருக்கமா முடிச்சிடலாம். குதிரை வண்டி காலத்தில் வண்டிக் கொட்டகை வீட்டுக்குத் தள்ளித்தான் இருந்தது. சாண நாற்றம் ஒரு காரணம். கார் வந்தபிறகும் பெட்ரோல் தீப்பிடிக்கும் என்ற பயத்தில் தள்ளியே வச்சிருந்தாங்க. சிகாகோவில் ஃபிராங்க் லாயிட் ரைட் 1910 வாக்கில் கட்டி முடித்த ராபி வீட்டில் மூணு கார் நிற்கிற கராஜ் வீட்டோடு ஒட்டியே இருந்தது. அந்தக் காலத்துக்கு அது அதிசயம். இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் புறநகர் வீடுகள் பெருகப் பெருக, ஒட்டின கராஜ் சாதாரணமாகிவிட்டது. கார் போக மிச்ச இடம் பட்டறை, ஜிம், கம்பெனி. ஹியூலெட்டும் பாக்கார்டும் 1939-ல் கம்பெனி ஆரம்பிச்சது பாலோ ஆல்டோவில் ஒரு கராஜில்தான் என்று நம்ம துறை ஆட்களுக்குச் சொல்லவே வேணாம்.

சரி, மேட்டருக்கு வருவோம். கராஜ் தரை காங்கிரீட். காங்கிரீட் பார்க்கத்தான் கல்லு மாதிரி, உள்ளே முழுக்க நுண்ணிய ஓட்டை. எண்ணெய் சிந்தினால் குடிச்சிடும், மேலே நடந்தால் தூசி கிளம்பும். அப்போ ஒரு பெயிண்ட் அடிச்சா என்ன? அங்கதான் சிக்கல். அந்தக் காலத்துப் பெயிண்ட் எல்லாம் ஆளி விதை எண்ணெய் மாதிரி காயும் எண்ணெயில் செய்தது. சிமென்ட்டுக்குச் சுண்ணாம்பு மாதிரியே காரத்தன்மை அதிகம். எண்ணெயும் காரமும் ஈரமும் ஒண்ணா சேர்ந்தா என்ன ஆகும்? சோப்பு! அடியிலிருந்து ஈரம் ஏறி வர, பெயிண்ட் மெல்ல மெல்ல சோப்பாக மாறிக் கழன்று வந்துவிடும். பத்தாங்கிளாஸ் வேதியியலில் சோப்பு செய்ததை நினைச்சுக்கோங்க.

இப்போ ஸ்விட்சர்லாந்துக்குப் போவோம். ஜூரிச்சில் டி ட்ரே என்று பல் மருத்துவப் பொருட்கள் செய்யும் கம்பெனி. அங்கே வேலை பார்த்த பியர் காஸ்டன் என்ற வேதியியலாளருக்குத் தேவைப்பட்டது பல்செட் செய்ய ஒரு பிசின். இறுகும்போது சுருங்கக் கூடாது, சுருங்கினால் ஈறில் உட்காராது. 1891-ல் ரஷ்யாவின் டியானின் செய்துவைத்த பிஸ்ஃபீனால் ஏ, 1854-லேயே பிரான்சின் பெர்த்தலோ எழுதிவைத்த எபிகுளோரோஹைட்ரின், இந்த இரண்டையும் சேர்த்துப் பிசின் எடுத்து, தாலிக் அன்ஹைட்ரைடு போட்டு இறுக வைத்தார். 1938-ல் காப்புரிமைக்கு மனு போட்டார். (ஜெர்மனியில் பால் ஷ்லாக் 1934-லேயே இந்தப் பக்கம் வந்துட்டுப் போயிருந்தார். அவர் அப்புறம் ஒருவகை நைலானைக் கண்டுபிடிச்சுப் பேர் வாங்கினார்.)

பல்செட் சந்தையில் இது எடுபடவே இல்லை. ஆனால் எதில் பட்டாலும் விடாமல் ஒட்டிக்கொண்டது. உரிமம் பாசலில் இருந்த சீபா கம்பெனிக்குப் போனது. 1946-ல் ஸ்விஸ் தொழிற் கண்காட்சியில் அவர்கள் அதை வெளியே காட்டினார்கள். பெயர் அரால்டைட். ஆமாங்க, நம்ம வீட்டு அலமாரியில் ரெண்டு ட்யூபா கிடக்குமே, அதேதான். எங்க அப்பா தீக்குச்சியால் சரிபாதி எடுத்துக் கலக்கி, மிக்ஸி மூடியின் கைப்பிடியை ஒட்டி, "நாளைக்குக் காலைல வரைக்கும் எவனும் தொடக் கூடாது" என்று உத்தரவு போடுவார். இந்தியாவில் அந்த பிராண்டை 2020-ல் ஃபெவிகால்காரர்களான பிடிலைட் வாங்கிவிட்டார்கள்.

அதே நேரத்தில் அமெரிக்காவில் டெவோ அண்ட் ரேனால்ட்ஸ் என்ற பழைய பெயிண்ட் கம்பெனியில் சில்வன் கிரீன்லீ என்பவர், காஸ்டனைச் சாராமல் கிட்டத்தட்ட அதே பிசினைச் செய்தார். 1948-ல் காப்புரிமை கிடைத்தது. பல்செட்டுக்காரர் கண்ணுக்குப் பல்லாகத் தெரிந்தது இவர் கண்ணுக்குப் பெயிண்டாகத் தெரிந்திருக்கு. அதே வருஷம் ஷெல் கம்பெனி டெக்சாஸில் செயற்கை கிளிசரின் ஆலையைத் திறந்தது. கிளிசரினுக்குப் போகிற வழியில் கிடைக்கிற இடைப்பொருள்தான் எபிகுளோரோஹைட்ரின். மூலப்பொருள் லாரி லாரியாகக் கிடைக்க ஆரம்பித்தால் விலை இறங்காமல் என்ன செய்யும்?

ஆனாலும் இவங்க ரெண்டு பேர் செய்தது அப்படியே தரைக்கு ஆகாது. காஸ்டனுடையது சூடுபடுத்தினால்தான் இறுகும். கராஜைத் தூக்கி அடுப்பில் வைக்க முடியுமா? கிரீன்லீ எண்ணெய் அமிலங்களோடு சேர்த்தார். அதில் எஸ்டர் பிணைப்பு இருக்கு, மறுபடியும் சோப்புப் பிரச்சினை. தீர்வு அமீன். அமீன் கலந்த ஹார்ட்னர் சாதாரண வெப்பத்திலேயே பிசினை இறுக வைக்கும், எஸ்டரும் கிடையாது. சிமென்ட்டின் காரம் ஒண்ணும் பண்ண முடியாது. என்னைக் கேட்டால் தரைக்கு எபாக்ஸி வந்த கதையில் நிஜமான திருப்பம் இதுதான். முதலில் தொழிற்சாலைத் தரைகளுக்குப் போனது, வீட்டு கராஜுக்கு வந்தது பின்னாடி.

இருந்தும் உரியும். பிசின் மேல் தப்பில்லை, அடியில் இருக்கிற தரைதான் காரணம். எண்ணெய்க் கறை போகணும், மேற்பரப்பை ஆசிட்டாலோ மெஷினாலோ சொரசொரப்பாக்கணும். ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ராத்திரி முழுக்க விட்டுப் பார்க்கணும். காலையில் அடியில் வேர்த்திருந்தால் ஈரம் ஏறுதுன்னு அர்த்தம். ஓடி வந்த டயரின் சூடும் சில பூச்சுகளை இளக்கிப் பிய்த்து எடுத்துடும். கலந்ததை வாளியில் வைத்துக்கொண்டு அரட்டை அடிக்கக் கூடாது. தன் சூட்டில் தானே கொதித்துப் புகைந்து கல்லாயிடும்.

கடைசியா ஒரு விஷயம். சென்னையில் எங்க ஆபீஸ் அடித்தளப் பார்க்கிங்கில் பச்சைத் தரை போட்டபோது வேலை பார்த்த அண்ணன் ஒருத்தரிடம் பேசினேன். விரலிடுக்கு எல்லாம் வெடித்துச் செக்கச் செவேல்னு இருந்தது. "இப்பல்லாம் டப்பா மூடியத் தொறந்தாலே அரிக்குது தம்பி. டாக்டர் இந்த வேலைய விடச் சொல்றாரு. வேற வேலை தெரியாதே" என்றார். இறுகாத எபாக்ஸி பிசினும் அமீனும் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வரும். ஒருதரம் வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. பிஸ்ஃபீனால் ஏ-வைப் பற்றியும் கதை உண்டு. அது பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் மாதிரி வேலை செய்கிறது என்று இங்கிலாந்தில் டாட்ஸும் லாசனும் 1936-லேயே எழுதிவிட்டார்கள். காஸ்டன் மனு போடுவதற்கு ரெண்டு வருஷம் முன்னாடி!

அந்த அண்ணன் கையில் போட்டிருந்தது மெல்லிய லேடெக்ஸ் உறை. பிசின் அதைத் தாண்டி உள்ளே போயிடும்; நைட்ரைல் உறை வேணும், கிழிந்தால் உடனே மாத்தணும். தோலில் பட்டதைத் தின்னர் போட்டுத் துடைக்கிற பழக்கம் அவருக்கு இருந்தது, என் நண்பனுக்கும் இருக்கு. தின்னர் பிசினைக் கரைத்துத் தோலுக்குள்ளேயே அனுப்பும். சோப்பும் தண்ணியும் போதும்.